சுவரில் ஏறிய வரிசை

தெருக்குழாய்க்குப் பின்னால் இருந்த சுவரில் தெருவையே வரையச் சொன்னார்கள் தெருக்காரர்கள். அதே தெருவில் குடியிருந்த ஓவியக்காரி குழாயடி வரிசையை வரைந்தாள். படத்தில் யார் முன்னால் நிற்பது என்று அன்றே அடிதடி. தையல்காரர் முறைத்தார், அவர் அண்ணி ஓவியக்காரியிடம் பேச்சையே நிறுத்திவிட்டாள். நச்சரிப்பு தாங்காமல் ஆட்களை அழித்துவிட்டு, அவரவர் வீட்டுக் குடத்தையே வரிசையாக வரைந்து தள்ளினாள். முகமில்லாத குடத்துக்கு என்ன சண்டை? இருந்தும் மனசு கேட்கவில்லை. வம்பே வேண்டாமென்று தன் நெளிந்த குடத்தைக் கடைசியில் வைத்தாள்.

மறுநாள் முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனாள். பின்னால் வந்த தையல்காரர் அவளுக்கு முன்னால் குடத்தை வைத்தார்.

"நான்தானே அண்ணே முதல்ல வந்தேன்?"

அவர் சுவரைக் காட்டினார். "நீ வரைஞ்சதுதானேம்மா."

வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தே குடம் வைத்தார்கள். அவள் முறை வந்தபோது குழாய் வெறும் காற்றைக் கக்கியது.