நாத்தனாருக்கு ஒரு சைக்கிள்

பல் டாக்டரம்மாவின் கணவர், தலையில் நரை விழுந்த பிறகு, ஒரே வாரத்தில் நான்கு விரற்கடை உயரம் வளர்ந்தார். காரணம், அந்த அம்மாள் தன் கையால் செய்து கொடுத்த சைக்கிள்.

டாக்டரம்மாவுக்கு அது பொழுதுபோக்கு. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டுக்குள் புகுந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு தரம் கூப்பிட வேண்டும். எஃகுக் குழாய்களை அறுப்பார். ஒரு குழாய் இன்னொன்றோடு இடுக்கில்லாமல் பொருந்தும்படி அதன் வாயை அரத்தால் வளைவாக அராவுவார். பித்தளைக் கம்பியை உருக்கி மூட்டுகளைப் பற்றவைப்பார். வழிந்த பிசிறை நீக்க, கிளினிக்கில் தேய்ந்துபோன பல் துளைக்கும் ஊசிகள் இருந்தன. சீட்டுக்கு அளவெடுக்க, பல்செட்டுக்கு அச்செடுக்கும் அதே மெழுகு. அதன்மேல் உட்காரச் சொன்னபோது கணவர், "வாயைத் திறக்கச் சொல்லாத வரைக்கும் சரி" என்றார்.

முதல் சைக்கிள் அவருக்குத்தான். கால் அளவைக் குறிக்கும்போது டாக்டரம்மா ஏதோ நினைப்பில் டேப்பைத் தப்பாகப் படித்துவிட்டார். பெயின்ட் அடித்து, சக்கரம் மாட்டி, மனிதரை ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் தெரிந்தது, சீட்டை அடிமட்டம்வரை இறக்கியும் பெடல் எட்டவில்லை. அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. "இறங்குங்க, அறுத்துட்டு வேற பண்றேன்" என்றார். "ஆசையா பண்ணினதை யாராவது அறுப்பாங்களா? நான் எட்டிக்கறேன், விடு" என்று சொல்லிவிட்டு அவர் நுனிவிரலால் மிதித்தபடி பேங்குக்குப் போனார். சொன்னபடியே எட்டிக்கொண்டார். புதன்கிழமை பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியது. வெள்ளிக்கிழமை, இத்தனை வருஷமாகப் புழங்கிய வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். மாமியார் மகனை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மருமகள் பக்கம் திரும்பி, "என் பிள்ளைய என்னடி பண்ணின?" என்றார்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய படமோ மாறி வந்திருக்கிறது என்றார். மறுபடி எடுத்துப் பார்த்ததும், தனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. ஆனால் வளர்ச்சி சும்மா வரவில்லை. முழங்காலுக்குள் யாரோ திருகாணி முடுக்குவதுபோல வலி. முதுகுத் தோல் கோடுகோடாக வெடித்தது. வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசிய மனிதர், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுதது டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. அன்றைக்கே அரங்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் வந்தாள். அடுத்த தெருவில் தனியாக இருந்தாள்; தெருக்கோடித் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை. பிறவியிலேயே இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால்தான் அதைத் தேடிப் பிடித்தாள். இடது காலில் அடி தடித்த ஒரு ஷூ போட்டிருப்பாள். அதைக் கழற்றி அவள் தெருவில் நின்றதை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணி, எனக்கும் ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு காலும் சமமா இருக்கறவளுக்குப் பண்ற மாதிரி. மீதிய சைக்கிள் பார்த்துக்கும்."

"முடியாதும்மா."

"அண்ணனுக்கு மட்டும் முடிஞ்சுதா?"

"உங்க அண்ணன் பட்ட பாட்டை நீ பார்க்கலை. ஒரு கால் மட்டும் இழுபட்டா இடுப்பு என்ன ஆகும்? தெரிஞ்சே உன்னை அதுல ஏத்த மாட்டேன்."

"வலி எனக்கு என்ன புதுசா அண்ணி? கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கறப்பல்லாம் என்னை மட்டும் நாற்காலியில உட்கார வைக்கறீங்களே, அது வலிக்காதுன்னு நினைச்சீங்களா?"

நாற்காலியைக் கொண்டுவந்து போடுவது எப்போதும் டாக்டரம்மாதான். நாத்தனார் அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. மாமியார் மருமகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் பழைய ஷூ ஜோடியைக் கொண்டுவந்து, ஷெட் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா அரங்களைக் கட்டவிழ்த்தார். இந்தத் தரம் அந்த ஷூக்களின் மேல் வைத்த டேப்பைத் தானும் படித்தார், கணவரையும் குனிந்து படிக்கச் சொன்னார். இடது பெடலைத் தாங்கும் இரும்புக் கட்டையை வலதைவிடக் குட்டையாக அறுத்தார். சீட்டை ஒரு பக்கம் மயிரிழை தாழ்த்தினார். நாத்தனாரின் உடம்பு எப்படியோ அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் ஒரு சைக்கிள் ஆயிற்று.

நாத்தனார் வேலைக்குக் கிளம்பும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் கண் நேரே பெடலுக்குப் போனது. "என் குறையவே இரும்புல அடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"உன் அளவைத்தான் கொண்டு வந்திருக்கேன். பிடிக்கலைன்னா உன் கையாலேயே உடைச்சுப் போடு."

கோபத்தில்தான் ஏறினாள். தடித்த ஷூ பெடலில் உட்காரவில்லை. இரண்டு ஷூவையும் உதறி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மிதித்தாள். டாக்டரம்மா அவள் காலிலேயே கண்ணாகப் பின்னால் ஓடினார். கால் வளரவில்லை. பதிலுக்குப் பழக்கடை ஆரஞ்சுகள் உருள ஆரம்பித்தன. முடிவெட்டுகிறவரின் நாற்காலி, முகத்தில் சோப்பு நுரையோடு இருந்த ஆளையும் சுமந்துகொண்டு கடையை விட்டு வெளியே வந்தது. தெரு சாய்ந்திருந்தது. தியேட்டர் வரைக்கும் இடது ஓரம் முழுவதும் இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது. சைக்கிள் அவளுக்குப் பொருந்திவிட்டது; பொருந்தாமல் இருந்தது தெரு. அது இடம் கொடுத்தது. ஒரு வீட்டில் பூச்சு வேலையாக இருந்த கொத்தனார், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை நடுத்தெருவில் வைத்தார். குமிழி ஓடிப்போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

நாத்தனார் தியேட்டர் வாசலில் இறங்கி, வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றாள். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. "ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறாங்க?" என்றாள். டாக்டரம்மா தியேட்டர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, அவளுக்கு இடப்பக்கமாகிவிட்ட எதிர் ஓரம் உயர்ந்திருந்தது. எப்போது மாறியது என்று கண்டவர் இல்லை. நகராட்சி என்ஜினியர் முதலில் கொத்தனாரின் ரசமட்டம் கோளாறு என்றார். தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தார் போட்டுச் சமமாக்கினார்கள். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள், தார் சாய்ந்தது. அப்புறம் விட்டுவிட்டார்கள். கடைக்காரர்கள் அலமாரிகளுக்கு விளிம்பு அடித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த கல்யாண போட்டோவில் நாத்தனார் பின்வரிசையில் நின்றாள். படம் எடுத்தவர் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தத் தெருவுக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர் எதையும் மறைப்பதில்லை. "காத்து நல்லா வரும், பஸ் பக்கம். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தெரு சாயும். தண்ணி மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

"ஒருநாள் விட்டு ஒருநாளா?" என்று அதிர்ந்துபோய்க் கேட்கிறார்கள் வந்தவர்கள். "எங்களுக்குத் தண்ணி எப்படிப் போதும்?"