நேர்ந்துவிட்ட பனை

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம். காளையார்கோவிலுக்குத் தெற்கே முள்காட்டை அழித்துத் தைலமரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளாடு மேய்க்கும் மீனம்மாளுக்கு வயிறெரிந்தது. மிச்சமிருந்த ஓடைக்கரைக் காட்டுக்குள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நுழைந்தவள், பனையைவிட இரண்டு பங்கு தடித்த ஒரு மரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அதன் ஒற்றை ஓலை நிழலில் ஆறு ஆடுகள் படுக்கலாம்.

காரைக்குடிக் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தும் சத்தியமூர்த்தி, இலை தேடிச் சைக்கிளில் அந்தப் பக்கம் வருகிறவர். அவரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினாள். மனுஷன் கண் கலங்கிப்போனார். தாளிப்பனையாம். ஆயுசில் ஒரே தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போகுமாம். இந்தச் சீமை முழுக்க அலைந்தும் இது ஒன்றுதான் கண்ணில் பட்டது, இதுவும் போனால் விதைக்குக்கூட மிஞ்சாது என்றார்.

அடுத்த மாதமே உச்சியில் பூங்குருத்து கிளம்பியது. சேதி பரவி ஊரே பதறியது. தாளிப்பனை பூத்தால் ஊருக்கு ஆகாது, பூக்குமுன்னே வெட்டிவிட வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். அப்படி வெட்டி வெட்டித்தான் மரமே அற்றுப்போனது என்பது ஒரு மண்டையிலும் ஏறவில்லை! ஊர்ப் பெரியவர் சோணைமுத்து வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லிவிட்டார். வாத்தியார் கெஞ்சியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மீனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் காட்டிக்கொடுத்ததால்தானே ஊர்க்கண் அதன்மேல் விழுந்தது?

வெள்ளிக்கிழமை கோடாலிகளோடு வந்தவர்கள், மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருப்பதைப் பார்த்தார்கள். அடியில் தேங்காய் உடைந்து கிடந்தது.

"அய்யனாருக்கு நேந்துவிட்டாச்சு. இனிமே வெட்டுறவுக வெட்டுங்க" என்றாள் மீனம்மாள்.

நேர்ந்துவிட்ட கிடாய் நடுவயலில் மேய்ந்தாலும் அங்கே யாரும் கம்பெடுக்க மாட்டார்கள். சோணைமுத்துவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கிடாய் என்றால் ஒருநாள் வெட்டிப் படைக்கலாம், மரத்தை எப்போது படைப்பாய் என்று மடக்கினார்.

"நாம வெட்ட வேணாம் மாமா. காயைக் குடுத்துட்டு அதுவே உசுரை விட்டுரும். அதுவரைக்கும் பொறுக்க மாட்டீகளா?"

பொறுத்தார். மரம் கோபுரம் மாதிரி பூத்தது. ஊருக்கு ஒரு குறையும் வரவில்லை. மீனம்மாளின் ஆடுகளில் மூன்று இரட்டைக்குட்டி போட்டன. மறுவருஷம் காய் கொட்டி ஓய்ந்ததும் மரம் பட்டுப்போனது. மீனம்மாள் அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மடி நிறையக் காய் பொறுக்கினாள். வாத்தியாருக்கு ஒரு சாக்கு கொடுத்தது போக, மீதியை அய்யனார் கோயில் காட்டில் ஊன்றினாள். முளைத்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டினாள்.

ஒருநாள் காலையில் சோணைமுத்து அதே கோடாலியோடு அங்கே வந்தார். மீனம்மாள் ஓடிப்போய்க் கன்றுகளுக்கு முன்னால் நின்றாள். அவர் கருவேல முள்ளை வெட்டி இழுத்துவந்து கன்றுகளைச் சுற்றி அடைக்கத் தொடங்கினார்.

"ஓம் ஆட்டுக்கு மஞ்சத்துணியெல்லாம் தெரியாது மீனம்மா. அங்குட்டு ஓட்டிக்கிட்டுப் போ" என்றார்.