வின்சன்டின் கால்களை முடக்கிய விண்ணப்பம்

வின்சன்டின் இரண்டு கால்களையும் முடக்கியவன் நான்தான். கத்தி இல்லை, பொல்லு இல்லை. நீல மையில் ஒன்றரை வரி. திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு ஒன்றரை வரியே தாராளம். அந்தக் காலத்தில் கப்பலில் இருந்து இறங்கிய மா மூட்டையில் ஒரு மூலை நனைந்திருந்தால் போதும், என் சேத அறிக்கையை வாசிப்பவர்கள் வங்காள விரிகுடாவே அந்த மூட்டைக்குள் புகுந்துவிட்டது என்று நினைப்பார்கள். இளைப்பாறி ஏழு வருடமாகியும் கை அடங்கவில்லை.

விசயம் இதுதான். வீடில்லாதவர்களைக் குடியமர்த்த நகரசபைக்கு ஒரு மானியம் வந்தது. உட்துறைமுக வீதியில் சும்மா கிடந்த பழைய களஞ்சியத்தைத் தடுத்துப் பன்னிரண்டு அறைகள் ஆக்கினார்கள். அறைக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. விண்ணப்பித்தவர்கள் நானூறு பேர். என் கணக்கில் பாதியைத் தள்ளினாலும் இருநூறு.

வின்சன்ட் மீன்வாடியில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். வயது நாற்பத்தாறு. ஒரு பெட்டி தோளில், ஒன்று இடுப்பில், இப்படியே ஓடுவான். மூன்றாவதைப் பல்லால் கவ்விக்கொண்டு போனதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன், கிட்டத்தட்ட. படுக்கை அந்த வாடிக் கொட்டிலுக்குள் வலைக் குவியலின் மேல். தாயில்லாத ஒரே மகள் லக்சனா குச்சவெளியில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். பதினேழு வயது. "அப்பா, உள்ளுக்குப் பூட்டுற கதவு ஒண்டு இருந்தா அடுத்த பஸ்ஸிலயே வாறன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கதவுக்காகத்தான் அவன் விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் எழுத்தின் வேகம் குறைந்துவிடும். 'உடல்நிலை' என்ற கட்டத்தில் பேனா தானாகவே ஓடியது: "இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவர், கடற்கரை மணலில் ஊர்ந்தே காலம் கழிப்பவர்."

"அண்ணை, என்ன எழுதினனீங்கள் எண்டு ஒருக்கா வாசியுங்கோவன்."

"வாசிச்சா நீ அழுவாய். வை கையெழுத்தை."

அடியில் சிபாரிசு செய்பவருக்கு ஏழு வாசகங்கள், எறும்பு எழுத்தில். நான் அவற்றை வாசிக்கவில்லை. மேர்வின் என்ற என் பெயரை மட்டும் வால் நீட்டிப் போட்டேன்.

மூன்றாம் இலக்க அறை கிடைத்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சீமெந்துச் சாய்வுப் பாதை. உள்ளே புத்தம் புதிய சக்கர நாற்காலி.

"அண்ணை, இது ஆருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு என்ன?"

"இடுப்புக்குக் கீழ ஒண்டும் வேலை செய்யாது."

அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். "எப்ப இருந்து?"

"போன மாசம் பதினாலாம் திகதியில இருந்து."

"உங்களுக்கென்ன விசரே? இப்பவே போய் நகரசபை மிஸ்ஸிட்டச் சொல்லுவம்."

"சொன்னா அறை போயிடும்."

வின்சன்ட் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்தான். "லக்சனாவுக்கு நேற்றுத்தான் போன் பண்ணிச் சொன்னனான்" என்றான். பிறகு மெதுவாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பதினொரு கிழமை எழும்பவில்லை.

நகரசபையில் இதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஜெனிதா மிஸ். கையில் பதிவேடு, காலில் சத்தமே போடாத செருப்பு. எந்த நாள், எந்த நேரம் வருவார் என்று ஆண்டவருக்கும் தெரியாது. அதனால் வின்சன்டுக்கு வெளியே கால் வைக்க ஏலாது. வாடி நூறு மீற்றர் தூரத்தில்தான். படகு வரும் சத்தம் கேட்கும், ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கும், தூக்க ஆளில்லாமல் வாடி முதலாளி சம்மாட்டி தூசணத்தில் ஏசுவதும் துல்லியமாகக் கேட்கும். ஒருநாள் மிஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நுளம்பு அவன் முழங்காலில் வந்து குந்தியது. கோழிக்குஞ்சளவு நுளம்பு. கை இருக்கிறது, அடிக்கலாம். ஆனால் உணர்ச்சி இல்லாத காலில் நுளம்பு கடிப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அது ஆறுதலாகக் குடித்து, வயிறு வீங்கி, பறக்க ஏலாமல் நடந்து போனது. வின்சன்டின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்ன, கவலையா இருக்கோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம் மிஸ்" என்றான். அது மட்டும் உண்மை.

மானியத்தில் அறை மாத்திரமில்லை, சேவைகளும் உண்டு. திங்கள், புதன், வெள்ளி உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ரிஸ்லா மிஸ் வருவார். காலை மடக்குவார், நீட்டுவார், உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்ப்பார். வின்சன்ட் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பான்.

"நடக்காத காலுக்கு இப்பிடியொரு கெண்டைச்சதை நான் எங்கயும் காணேல்ல" என்றார் ஒருநாள்.

"ஊர்ந்து ஊர்ந்து வந்தது மிஸ்" என்றேன் நான். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. "வின்சன்ட், வாற வெள்ளி பெருவிரலை மட்டும் ஆட்டு. அடுத்த கிழமை கணுக்கால். ஆறு மாசத்தில எழும்பி நிண்டுடலாம். ரிஸ்லா மிஸ்ஸுக்கும் நல்ல பேர்."

"சுகம் வந்தா இந்த அறை இல்லையெண்டு பதிவேட்டில போட்டிருக்கு அண்ணை. சுகம் வராட்டி வேலை இல்லை. நான் இருக்கிறது அறையுக்குள்ள இல்லை. உங்கட கடுதாசியுக்குள்ள."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதற்கு முதல்நாள் ஜெனிதா மிஸ் வாய்தவறிச் சொன்ன ஒன்று அவன் மனதில் கிடந்தது. இந்த அறைக்கு இன்னொருவரும் கேட்டிருந்தாராம். கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன். அவருக்கு உண்மையாகவே இரண்டு காலும் இல்லை. பஸ் நிலையத்தில் படுக்கிறார். அன்று நான் கொண்டுபோன இடியப்பப் பார்சலை வின்சன்ட் பிரிக்கவேயில்லை.

பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்து லக்சனா சனிக்கிழமை வருவதாக இருந்தது. சனியில் நகரசபைக்கு லீவு, மிஸ் வரமாட்டார். வந்த பிள்ளையிடம் கதவைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்திருந்தோம். போனில் சொல்ல வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். அவள் வியாழக்கிழமையே வந்து நின்றாள். கையில் ஒரு பை, பைக்குள் தகப்பனுக்கு அத்தை கொடுத்துவிட்ட கருவாடு. நாங்கள் மூவரும் அறைக்குள்: நாற்காலியில் வின்சன்ட், கட்டிலில் நான், பதிவேட்டோடு ஜெனிதா மிஸ்.

பை நிலத்தில் விழுந்தது.

"அப்பா! காலுக்கு என்ன? ஏன் எனக்குச் சொல்லேல்ல?" முழங்காலில் விழுந்து அவன் பாதங்கள் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எப்ப நடந்தது? ஆர் அப்பா உங்களைப் பார்த்தது?"

நான் குனிந்து அவளுடைய பையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

வின்சன்ட் மிஸ்ஸைப் பார்த்தான். கதவைப் பார்த்தான், அதன் தாழ்ப்பாளைப் பார்த்தான். காலடியில் விம்முகிற பிள்ளையைப் பார்த்தான். எழும்பி நின்றான்.

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. அழாதை. இஞ்ச பார், நிக்கிறன்." பதினொரு கிழமை சும்மா இருந்த கால் கொஞ்சம் ஆடியது. ஆனாலும் அந்தச் சக்கர நாற்காலியை ஐஸ் பெட்டி மாதிரித் தூக்கித் தோளில் வைத்தான். வெளியே போய்ச் சாய்வுப் பாதையில் இறக்கினான். "மிஸ், இதையும் அறையையும் அந்த பஸ் நிலையத்து ஐயாவுக்குக் குடுங்கோ. பிழை என்ரதான், இதில இருந்தது நான்தானே."

ஜெனிதா மிஸ் பதிவேட்டை மூடினார். "விண்ணப்பம் எழுதினது ஆர்?"

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதிலேயே மிஸ்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான் மிஸ்."

அவர் வின்சன்டிடம் கேட்டார்: "எவ்வளவு காலமா வீடில்லை?"

"சுனாமியோட போனது மிஸ். பிறகு முகாம், கொட்டில். மனுசி செத்ததுக்குப் பிறகு வாடிதான். இருபது வருசம்."

"இருபது வருசமோ? படிவத்தில அப்பிடி ஒண்டுமே இல்லையே! அதை எழுதியிருந்தாலே காணும். சாதாரண அறை ஒண்டு அப்பவே வந்திருக்கும். இப்ப பன்னிரண்டும் நிரம்பிட்டுது."

அவனிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை.

மிஸ் படிவத்தை என் மடியில் வைத்தார். "கடைசி வாசகத்தை வாசியுங்கோ ஐயா. சத்தமா."

கண்ணாடியைப் போட்டேன். "பிழையான தகவலால் அறை இழக்கப்படின், வேறு அறை கிடைக்கும்வரை விண்ணப்பதாரருக்குத் தங்குமிடம் வழங்குவது சிபாரிசு செய்தவரின் பொறுப்பாகும்."

"உங்கட வீட்டில எத்தினை அறை?"

வாழ்க்கையில் முதல்முறையாகக் குறைத்துச் சொன்னேன். "ஒண்டு மிஸ்."

லக்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு" என்றேன்.

"உள்ளுக்குப் பூட்டுமோ?" அவள்தான் கேட்டாள்.

"ஒண்டு பூட்டும்."

பூட்டுகிற அறை என்னுடையது. இப்போது அது அவளுடையது. மற்றதில் வின்சன்ட். விடியமுன்னம் நாலு மணிக்கு எழும்பி, விறாந்தையில் கட்டில் போட்டுக் கிடக்கும் என்னைத் தாண்டி, தன் இரண்டு காலாலும் தடார் தடாரென்று நடந்து வாடிக்குப் போகிறான். மூன்றாம் அறையில் ஸைனுலாப்தீன் இருக்கிறார். போனால் தேத்தண்ணி தருகிறார், ஆனால் தன்னைப் பற்றி எங்கும் ஒன்றும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வின்சன்டின் புது விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல. ஒரு சொல் கூட்டினாலும் பேனாவைப் பறித்துவிடுவான். பதில் வர எத்தனை மாதமாகும் என்று ஜெனிதா மிஸ்ஸுக்கும் தெரியாது.

அந்திபட்டதும் லக்சனா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுகிறாள். டக். என் அலுமாரியும் அந்த அறைக்குள்தான். இரவில் தட்டவும் பகலில் உள்ளே நுழையவும் கூச்சப்பட்டு, போட்ட உடுப்போடு ஐந்து நாளாகக் கிடக்கிறேன்.

ஐந்து இல்லை. இரண்டு நாள்.