வெந்த பிறகு எடை

வீட்டில் இருந்தவர்கள்: நான், அக்காவின் எட்டு வயது மகள் வாலு, ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா. பெரியவர் என்று சொல்ல நான் ஒருவன்தான். அக்கா தையல் ஆலைக்குப் போயிருந்தாள். நான் வேலை பார்த்த இடத்தில் இரவு ஷிப்டை விட்டு நின்றதிலிருந்து பகலில் வாலுவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்தேன். வாலுவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்துக்கு ஏற்ப இன்சுலின் போட வேண்டும். அளந்து ஊசி போடும் வேலையை அன்றுதான் முதன்முறையாக என்னை நம்பி விட்டிருந்தாள் அக்கா.

"பாஸ்தா ஒடம்புக்கு நல்லதா மாமா?"

"தனியா தின்னா வெறும் மாவு. முட்டை, பீன்ஸ், கீரை சேர்ந்தாதான் சாப்பாடு."

"கீரை இல்லாம?"

"வாய மூடு."

பாஸ்தாவை வேகவைத்து, வடித்து, தராசில் நூறு கிராம் எடுத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அக்காவின் பட்டியல்: பாஸ்தா நூறு கிராம், மாவுச்சத்து எழுபத்தைந்து. பதினைந்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின். ஐந்து யூனிட் போட்டேன். தட்டில் எல்லாம் அளவாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் வாலுவுக்கு நெற்றி வியர்த்தது. கையிலிருந்த பென்சில் நழுவியது. விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. பழச்சாறு கொடுத்தேன். கால் மணி கழித்து அறுபத்தொன்று. இன்னொரு டம்ளர் ஊற்றினேன். பாதி மேசையில் கொட்டியது.

"சர்க்கரை கொறஞ்சது எனக்கா, ஒனக்கா?" என்றாள் வாலு. நாக்குக் குழறியது.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எப்படா எடை போட்ட?"

"வடிச்சதும்."

தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"அது வேகாத பாஸ்தாவோட கணக்குடா. வெந்தா தண்ணி குடிச்சு கனம் ஏறிடும். அந்தத் தட்டுக்கு ரெண்டு யூனிட் போதும். ஜூஸ நிறுத்தாத, பிரெட்டும் குடு. வர்றேன்."

அவள் வந்தபோது எண்பத்தொன்று. செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளருகே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தாள். நூற்றுப்பத்தைத் தாண்டி, இரண்டு மணி நேரம் இறங்காமல் நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"வேகாததுன்னு நீ எழுதலையேக்கா."

"எழுதல. எனக்குத் தெரியும். தெரியாதவன் கேக்கணும்."

"கேட்டா சிரிப்பன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான். அவ நல்லா இருந்திருப்பா."

அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"சாவிய வச்சிட்டுப் போ. நாளைக்கு வராத."

சாவியை மேசையில் வைத்தேன். படியில் நின்று செருப்பை மாட்டுவதற்குள் கதவு சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.