வலது கை மருதாணி

தன் கல்யாணத்துக்குத் தானே மருதாணி வைத்துக்கொள்ளும் பெண்ணை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பெற்றே வைத்திருக்கிறேன். என் சின்னவள். பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னாலும் பாம்பு போட்டுக்கொண்டு வருவாள். அவள்தான் ஒருநாள் சாப்பிடும்போது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், என் கைக்கு நானே வைத்துக்கொள்ளப் போகிறேன், இப்போதெல்லாம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள்.

இந்த வீட்டில் எந்த விஷயமும் கடைசியாகத் தெரிகிற ஆள் அவள் அப்பா. அவர் மட்டும் சிரித்தார். தன் கையே தனக்குதவி என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டார். எதிரே பெரியவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மருதாணி வைப்பதுதான் தொழில். பார்லரில் கல்யாணப் பெண்கள் அவளுக்காகவே காத்திருந்து கை நீட்டுவார்கள்.

"இடது கைக்கு வலது கை வைக்கும். வலது கைக்கு யாருடி வைப்பா?" என்று கேட்டாள்.

"இடது கைதான்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். ஜாடி நிறையத் தண்ணீர் மேஜை மேலேயே இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம், பெரியவள் வேலைக்குப் போயிருந்தபோது, சமையலறையில் வைத்து நான்தான் சின்னவளிடம் சொன்னேன். உன் கையில் அக்கா மருதாணி வைக்க வேண்டாம், மற்ற வேலையெல்லாம் அவள் செய்யட்டும் என்று. ஏன் என்று கேட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியாதா என்றேன். பெரியவள் புருஷனோடு ஒத்துவரவில்லை என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவள். ஏன் வந்தாய் என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அவள் சொன்ன பதிலுக்கு அந்த ஒரு தடவையே அதிகம். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் வாழாமல் வந்தவள் கையால் புதுப்பெண்ணுக்கு வைத்தார்கள் என்று நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை வந்துவிட்டால்? சின்னவளுக்குத் தலைவலி வந்தால்கூட அந்தக் கையைத்தானே சொல்வார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இப்படித்தான் என் புத்தி ஓடியது.

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். அக்கா வைக்காத கையில் வேறு எவளும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. அழுத்தக்காரி. என் வயிற்றில் பிறந்ததுதானே.

பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அவளும் சாதாரணமாகத்தான் இருந்தாள். இலைப் பொடியை மெல்லிய துணியில் சலித்தாள். எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து ஊற வைத்தாள். கோன் சுருட்டி, அடைத்து, நுனியை ஊசி முனை அளவுக்கு வெட்டித் தங்கை கையில் கொடுத்தாள். முதலில் எவர்சில்வர் தட்டில் போட்டுப் பழகு, அழித்து அழித்துப் போடலாம் என்றாள். எங்கள் வீட்டுத் தட்டிலெல்லாம் சின்னவளின் பாம்புகள் ஊர்ந்தன. அவள் அப்பா ஒரு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இதில் எது தலை, எது வால் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மருதாணி வைக்கிற நாளும் வந்தது. சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரமாக ஸ்டூல் போட்டுச் சின்னவள் உட்கார்ந்தாள். எதிரே பெரியவள். நான் பக்கத்தில் துணி மடிக்கிற சாக்கில் இருந்தேன். காவல் என்றே சொல்லலாம். பெரியவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கை தானாக நீண்டுவிடுமோ என்று அவளுக்கே பயம்போல. இப்போ அழுத்து, இப்போ இழு, மூச்சை விடாதே, மணிக்கட்டைத் திருப்பு என்று வாயால் சொல்லிச் சொல்லியே தங்கையின் இடது உள்ளங்கையை நிரப்பினாள். பார்க்கும்படியாகவே வந்தது. பெரியவள் நெற்றியில்தான் வேர்த்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் ரவிக்கைகளோடு கீழே வந்து நின்றார். ஒன்றில் கை இறுக்கம், ஒன்றில் கொக்கியே இல்லை. அவரிடம் கத்திவிட்டு நான் மேலே வந்தபோது வலது கையும் முடிந்திருந்தது. சின்னவளின் கண் சிவந்திருந்தது. பெரியவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

வலது கையைப் பார்த்தேன். கொடி கோணல். இலைகள் ஒன்று புழு, ஒன்று பூச்சி. நடுவில் பூ என்று ஏதோ அப்பிக்கிடந்தது. கல்யாணப் பெண்ணின் கை. அதைப் பார்த்து எந்தத் தாய்க்கும் வயிறு எரிய வேண்டும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெரியவள் கை பட்டிருந்தால் இப்படி வராது, அதனால் பட்டிருக்காது என்று கணக்குப் போட்டேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். என் பித்து எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

மறுநாள் காலையில் காய்ந்ததைச் சுரண்டிவிட நான்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் படக் கூடாது, கரண்டிக் காம்பால் மெல்லச் சுரண்ட வேண்டும். இடது கை முடிந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. வலது கையைச் சுரண்டிக்கொண்டு வரும்போது என் கை நின்றுவிட்டது.

பெரியவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது என் உள்ளங்கையில். அப்போதெல்லாம் சாயங்காலமானால் என் கையை இழுத்து வைத்துக்கொள்வாள். அதனால் எனக்கு ஒன்று தெரியும். மருதாணியில் இலை போடும்போது முதலில் அழுத்திக் குண்டாக ஒரு பொட்டு வைத்து, அப்புறம் தன் பக்கமாக இழுப்பார்கள். வால் எப்போதும் வைக்கிறவள் இருக்கிற பக்கம்தான் போகும். தன் கைக்குத் தானே வைத்தால் வால் மணிக்கட்டுப் பக்கம் வரும். எதிரே உட்கார்ந்து இன்னொருத்தி வைத்தால் விரல் நுனிப் பக்கம் போகும். சின்னவளின் இடது கையில் இலையெல்லாம் மணிக்கட்டைப் பார்த்தன. வலது கையில் அத்தனை இலையும் விரல்களைப் பார்த்தன. புழுவும் பூச்சியும்கூட.

இன்னும் உற்றுப் பார்த்தால், கோணல்கூட அளவெடுத்த மாதிரி இருந்தது. நிஜமாகக் கை நடுங்குகிறவள் எங்காவது ஓரிடத்தில் தோலில் அப்பி, துடைத்து, கறையாக்கியிருப்பாள். இங்கே ஒரு கறை இல்லை.

"இது யாருடி வெச்சது?" என்று கேட்டேன்.

சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இடது கையால கோனையே பிடிக்க முடியல. நான்தான் அக்காகிட்ட கெஞ்சினேன். நல்லா வெச்சா அம்மா கண்டுபிடிச்சிருவாங்க, கல்யாணம் முடியற வரைக்கும் பயந்துகிட்டே இருப்பாங்கன்னு சொல்லி, வேணும்னே கோணலா வெச்சா. நான்தாம்மா அழுதேன். அவ அழல."

"நான் வேணாம்னு சொன்னது அவளுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னைக்கு நீ தண்ணி எடுக்கப் போனியே, அப்பவே தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் பெரியவள் ஒரு புள்ளி பிசகினாலும் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறவள். காய்ச்சலோடு போய் வைத்த கையில்கூட ஒரு கோடு கோணியதில்லை. அவள் உட்கார்ந்து, அதுவும் கூடப்பிறந்தவள் கையில், ஒவ்வொரு இலையாகக் கெடுத்திருக்கிறாள். நான் பயப்படக் கூடாது என்று. அவமானம் என்றால் அதுதான். செருப்பால் அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

அப்போதே எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாண வீட்டில் தலைக்கு மேல் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எதிரே வந்தால் பூக்காரருக்குப் போன் பண்ணினாயா, பாய் வந்துவிட்டதா என்று ஏதாவது கேட்டுவைத்தேன். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

கல்யாணத்தன்று மணப்பெண் அறையில் சம்பந்தி அம்மாள் வந்து சின்னவளின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய குரல், நல்ல மனசு. என்னம்மா, நீயே வைத்துக்கொண்டாயாமே என்று இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார். இடது கையைப் பார்த்து அடடா என்றார். வலது கையைப் பார்த்துவிட்டு, இது கோழி கிளறினதா என்று கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

பெரியவள் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். அவளுக்கு இடது கை வராது அத்தை, சொன்னால் கேட்கவா செய்கிறாள் என்றாள். சம்பந்தி அம்மாள் அவள் பக்கம் திரும்பினார்.

"உன்னை வீட்லயே வெச்சிக்கிட்டு இவ ஏம்மா தானே வெச்சிக்கணும்? எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாம், அண்ணியோட அக்கா கையால நாமளும் வெச்சிக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாளுங்க. நீங்களே ஒண்ணும் சொல்லலையேன்னுதான் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் துளிக்கூட உள்குத்து இல்லை. இந்த அம்மாளுக்குப் பயந்துதான் நான் என் மகளின் கையைத் தள்ளி வைத்தேன். அவரோ அந்தக் கைக்காகக் காத்திருந்திருக்கிறார். ஒருத்தரும் சொல்லாத வார்த்தையை நானே உண்டாக்கி, நானே பயந்து, நானே தண்டனையும் கொடுத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். இந்தக் கோழி கிளறினதும் பெரியவள் வைத்ததுதான் என்று சொன்னால் அவள் தொழிலுக்கே கெட்ட பெயர். ஏன் கெடுத்து வைத்தாள் என்று சொன்னால் என் பெயர் நாறிவிடும். இரண்டில் எது என் நாக்கைப் பிடித்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"அவளுக்கு வேலை ஜாஸ்தி, நேரமில்லைன்னுட்டா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு நிற்கவில்லை. பழியையும் அவள் தலையிலேயே போட்டேன். தங்கை கல்யாணத்துக்கு நேரமில்லாத அக்கா. பெரியவள் ஒரு கணம்தான் என்னைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை, பார்லர்ல ஒண்ணு மேல ஒண்ணா வந்துருச்சு" என்றாள். என் பொய்யையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

சின்னவள் கழுத்தில் மாலை விழுந்தது. மேடையில் அந்த வலது கையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் சிவந்திருந்தது. கோணல் இலைகள் இடது கையைவிட ஒரு படி கூடுதலாகவே பிடித்திருந்தன. அவள் கையால் வைத்த மருதாணி எப்போதும் அப்படித்தான்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது சாமான் அறை வாசலில் பெரியவள் தனியாக நின்றிருந்தாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. நேரே போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டுதான் போனேன். எதிரே நின்றதும் என் வலது கையைத்தான், உள்ளங்கை மேலே தெரிய, அவள் முன்னால் நீட்டினேன். அவள் வீடு திரும்பி வந்த பிறகு நான் அந்தக் கையை அவளிடம் நீட்டியதே இல்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை. மகள் கல்யாணத்தில் என் கை வெறுமையாக இருந்தது.

அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தட்டு இன்னும் ரெண்டு கட்டு இருக்கும்மா. உள்ள இடது பக்கம்."

"சாவி இல்லடி" என்றேன். "எனக்கு மருதாணி வெச்சு விடு. இங்கயே. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைப்பையில் எப்போதும் ஒரு கோன் வைத்திருப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக்கூட ஒரு பூ போட்டுவிட்டுத்தான் இறங்குவாள். பையைத் திறப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"கோன் எடுத்துட்டு வரலம்மா" என்றாள் மெதுவாக. "யாராவது வெச்சு விடச் சொல்லிக் கேட்டா, உனக்குச் சங்கடமா இருக்கும்னு வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."