டிவியில் வந்த அம்மா

கல்யாணமான நாளிலிருந்து பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிச் செட்டின் இரைச்சலில் நின்றால் காது என்ன ஆகும்? மாரிக்கனிக்கு ஆனதுதான் ஆகும். முகம் பார்த்துச் சத்தமாகச் சொன்னால் புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் தெரியாது. ராஜபாளையத்தில் நகராட்சித் தண்ணீர் நினைத்த நேரத்தில் வரும். தெருவே குடத்தோடு ஓடும்போது இவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஏழாவது படிக்கும் மகள் பாண்டிசெல்விதான் வழி கண்டுபிடித்தாள். திறந்துவைத்த குழாய்க்கு அடியில் ஒரு டப்பாவைத் தொங்கவிட்டாள். தண்ணீர் விழுந்து கனத்தால் டப்பா கீழே இறங்கும். அதில் கட்டிய நூல் ஜன்னல் கம்பி வழியாக வந்து, உள்ளே படுத்திருக்கும் அம்மாவின் கால் பெருவிரலை இழுக்கும். தன் காதுக்காக ஒருத்தி மண்டையை உடைத்துக்கொண்டாளே என்று மாரிக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது.

'செஞ்சு காட்டு' என்று டிவியில் ஒரு நிகழ்ச்சி. வீட்டுப் பிரச்சினைக்குப் பிள்ளைகளே சொந்தமாக யோசித்து ஏதாவது செய்ய வேண்டும். டீச்சர் வீடியோ அனுப்பிவைக்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்துக்குள் குழாயும் கட்டிலும் போட்டுச் செட். மாரிக்கனி இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். என் பிள்ளை எனக்காகச் செய்தது என்று ஊரே பார்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

"கால இழுக்கிறது கேமராவுல எடுபடாது. நூல்ல ஒரு மணியக் கட்டிரலாம். மணி அடிக்கட்டும், அம்மா எழுந்திரிக்கட்டும்," என்றான் டைரக்டர்.

"எங்கம்மாவுக்குக் காது கேக்காது சார்."

"அதச் சொன்னா ஷோ சோகமாயிடும் பாப்பா. அம்மா சும்மா நடிச்சாப் போதும்."

சொந்தமாக யோசிக்கச் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் இது.

மணி அடித்தது. மாரிக்கனி கண்ணை மூடியபடி கிடந்தாள். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை மணி அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்தாள். பார்க்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் பாண்டிசெல்வியும் சிரித்தாள். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுத் தங்கபாயைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவள் மணிச் சத்தத்துக்கு அழகாக எழுந்து, பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தாள்.

நிகழ்ச்சி வந்தபிறகு தெருவில் ஒரே பாராட்டு. "பிள்ளைக்குப் பேர் கிடைச்சாப் போதும்," என்று எல்லாரிடமும் சொன்னாள் மாரிக்கனி. பொய். வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் பாண்டிசெல்வி தலையைக் குனிந்துகொண்டே என்னமோ சொன்னாள்.

"என்னட்டி சொல்லுத? மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மறுபடியும் வாய்க்குள்ளேயே முனகினாள்.

"கேக்கலட்டி."

பாண்டிசெல்வி நிமிர்ந்து, தொண்டை கிழியச் சொன்னாள். "நாளைக்கு நீ வர வேண்டாம்மா. தங்கபாய் அத்தையக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூல்ல பிள்ளைக அம்புட்டுப் பேரும் அவியளத்தான் எங்கம்மான்னு நெனச்சிருக்காக."

இப்போது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். மகள் பக்கத்து வீட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, சரி என்று வாயசைத்துத் தலையாட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கபாய் என்ன சொன்னாள் என்று மாரிக்கனிக்குத் தெரியவில்லை.