வெளியே தெரியும் கத்தி

போலீஸ் பிடுங்கிக்கொண்டது கார்குழலியின் கத்தியை. ஆனால் அதற்காக நடுரோட்டில் குந்த வைக்கப்பட்டவன் அவள் புருஷன் உதயா.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலைகளைத் தைப்பது அவள் வேலை. உதயா அதே துறைமுகத்தில், எந்தப் படகில் ஆள் குறைகிறதோ அதில் ஏறிக் கடலுக்குப் போகிறவன். குடியரசு தினம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இருவரும் பைக்கில் திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடலோரச் சாலையில் இரும்புத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தினார்கள். பைக்கில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கும் நைலான் நூல்கண்டுக்கும் நடுவே மடக்குக் கத்தி கிடந்தது.

"என்துதான் ஸார் அது. வலை வேலைக்கு வெச்சிகினு கீறேன்" என்றாள் கார்குழலி.

காவலர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஏரியாடா நீ? உன் மேல என்ன கேஸ் இருக்கு?" என்று உதயாவைக் கேட்டார். அவனைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். கத்தியை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லித் தன் போனில் படம் எடுத்தார். பிறகு, "போடா" என்று விட்டுவிட்டார். கத்தியைத் தரவில்லை.

அன்றிலிருந்து உதயா சரியாகச் சாப்பிடவில்லை. பைக்கைச் சந்து சந்தாக ஓட்டினான். படகில் யாராவது போனை நோண்டிக்கொண்டே சிரித்தால் அவன் முகம் மாறிப்போகும். "அந்தப் போட்டோ எங்கெங்க சுத்துதோ" என்று தனக்குள் முனகுவான். கார்குழலிக்குக் கத்தி போன வருத்தத்தைவிட, இவன் தலை குனிந்துகொண்டு நடப்பதைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை.

கத்தி இல்லாமல் வேலையும் ஓடவில்லை. வலையில் கிழிந்த கண்ணிகளைச் சுத்தமாக அறுத்து எடுத்தால்தான் புதிதாகப் பின்ன முடியும். பக்கத்தில் இருப்பவர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும், "இந்தா, விரலைக் கிரலை அறுத்துக்காத" என்று ஒரு பேச்சு கூடவே வந்தது. அந்த வாரக் கடைசியில் உதயாவை இழுத்துக்கொண்டு ராயபுரத்தில் கமாலுதீன் பாயின் கடைக்குப் போனாள். கயிறு, மிதவை, தூண்டில், ரெயின்கோட்டு என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும்.

"லாக் கத்தி குடு பாய். சும்மா மடங்குறது வேணாம்" என்றாள். முன்பு வைத்திருந்த பூட்டு இல்லாத ஒன்று, கயிற்றை அழுத்தி அறுக்கும்போது தானாக மடங்கி அவள் ஆள்காட்டி விரலை எலும்புவரை பதம் பார்த்திருந்தது. பூட்டு வைத்ததை விரித்தால் முதுகுப்பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அங்கேயே அழுத்தினால்தான் திரும்ப மடங்கும்.

பாய் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று சின்னது. எலும்பு நிறத்தில் வழவழவென்ற பிடி. மூடினால் உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். கார்குழலி அதை விரித்துப் பார்த்தாள். அலகு மெல்லியது, கண்ணிக்குள் நுழைத்து ஒரே இழுப்பில் நூலை அறுக்கலாம். இன்னொன்று பெரியது. கறுத்த மரப்பிடி, இரு முனையிலும் பித்தளை, கயிறு கோக்க வாலில் ஒரு வளையம். விரிக்கும்போது விரல் நகம் கொஞ்சம் நோகும். ஆனால் விரிந்துவிட்டால் அசையாது.

"சின்னத எடுத்துக்கமா. லேடீஸ் கைக்கு அதான் தோதா இருக்கும். இடுப்புல சொருகிகினா ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப நாலாபக்கமும் செக்கிங் வேற கீது" என்றார் பாய்.

"பாய் சொல்றதுதான் கரெக்டு. சின்னதையே வாங்கிக்க" என்றான் உதயா. கடைக்குள் வந்ததிலிருந்து அவன் கண் வாசலிலேயே இருந்தது.

கார்குழலி, பாயிடம் ஒரு துண்டுக் கயிறு கேட்டாள். வலையின் தலைப்பில் மிதவை கோக்கிற தடித்த கயிறு. சின்னக் கத்தி அதில் அறுத்து அறுத்துப் பாதியில் நின்றது. மெல்லிய அலகு வளைகிற மாதிரி இருந்தது. பெரியதை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கயிறு இரண்டாக விழுந்தது. பிறகு நூலிலும் வைத்துப் பார்த்தாள். சின்னதைப் போல நளினமாக இல்லை என்றாலும் அறுத்தது.

"இத்த எடுத்துக்கறேன்."

"யோசிச்சு வாங்குமா" என்றார் பாய். "மூடி வெச்சாலே ஒரு சாண் கீது. எங்க ஒளிச்சு வெப்ப?"

"நான் இன்னாத்துக்கு பாய் ஒளிக்கணும்? திருடி எடுத்துகினா போறேன்?"

உதயா அவள் கையைப் பிடித்தான். "குழலி, நான் பட்டது போதும். இன்னொரு தபா என்னால குந்த முடியாது."

"நீ இன்னாத்துக்கு மாமா குந்தணும்? இது என் கத்தி."

கடையிலேயே வளையத்தில் நைலான் கயிற்றைக் கோத்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் வெளிப்பக்கம், இடுப்பில் தொங்குகிற மாதிரி கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது உதயா வழக்கம்போலச் சந்துப்பக்கம் வண்டியைத் திருப்பினான். "நேரா போ" என்றாள் பின்னாலிருந்து. அவன் தயங்கினான். "அப்ப என்னை இங்கயே எறக்கி வுட்டுடு. நான் மெயின் ரோட்டுல நடந்து வரேன்." அவன் வண்டியை நேரே விட்டான்.

அதே தடுப்பு. அதே காவலர். ஓரத்தில் நின்ற இளநீர் வண்டியில் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கத்தி அவர் கண்ணில் படுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கயிற்றோடு பிடித்து இழுத்தார். கார்குழலியே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"திரும்பவும் நீதானாடா? பொண்டாட்டி இடுப்புல கட்டிவிட்டா தப்பிச்சிடலாம்னு பாக்கறியா? உக்காருடா கீழ."

உதயாவின் முழங்கால் தானாக மடங்கியது. கார்குழலி அவன் தோளைப் பற்றி நிமிர்த்தினாள்.

"குந்தாத மாமா. நில்லு."

"ஏம்மா, ஓரமாப் போ."

"போ மாட்டேன் ஸார். கத்தி என்து. அன்னிக்கே சொன்னேன், உன் காதுல வுழல. வலை வெட்டுற கத்தி இது. தோ, அந்த அண்ணன் கையில அருவா கீதே, அதுல வெட்டின எளநியத்தானே இப்ப குடிச்ச? அவர குந்த வெச்சு போட்டோ புடிச்சியா?"

இளநீர்க்காரர் அரிவாளைச் சட்டென்று வண்டிக்குக் கீழே வைத்துவிட்டார். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். காவலரின் முகம் சிவந்தது.

"வாய் ரொம்ப நீளுது. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"கூட்டிகினு போ. அதுக்கு முன்னாடி போட்டோ புடிக்கணும்ல? என்னைப் புடி." அவள் தடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். "ஆனா நின்னுகினுதான் இருப்பேன். குந்த மாட்டேன்."

கன்டெய்னர் லாரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. போனைத் தூக்கியவர்கள் பொதுஜனங்கள்தான். காவலர் தன் போனைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். உதயா அவள் பக்கத்தில் வந்து நின்றான். தலை குனியவில்லை.

கடைசியில் காவலர் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. கத்தியைக் கையில் வாங்கி விரித்தார், மடக்கினார். கார்குழலியின் விரல்களைப் பார்த்தார். நூல் அறுத்த கோடுகள் உள்ளங்கை முழுவதும் இருந்தன. "இதுக்குப் போய் எதுக்குய்யா ரோட்டை மறிச்சு வெச்சிருக்கீங்க?" என்று காவலரைக் கடிந்துகொண்டு, கத்தியை மேஜை மேல் தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா. இனிமே பைக்குள்ள வெச்சுக்கோ."

கார்குழலி கத்தியை எடுத்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"இவரு போட்டோ அந்த ஸார் போன்ல கீது மேடம். அத்த அழிக்கணும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"என் எதுருல அழிக்கணும். இல்லாங்காட்டி இங்கயே நிக்கிறேன்."

எஸ்.ஐ. பெருமூச்சு விட்டுக் காவலரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் போனை எடுத்துப் படங்களை விரலால் தள்ளினார். கார்குழலி மேஜையைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாள். படத்துக்குப் படம் பையன்கள். எல்லாரும் குந்திக்கொண்டு, எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டு. ஒருவன் கையில் ஸ்க்ரூடிரைவர். ஒருவன் கையில் ஒன்றுமே இல்லை. அவளோடு வலை தைக்கிற குப்பம்மாவின் மகன் நிதிஷும் அதில் இருந்தான். உதயாவின் படம் வந்தது. காவலர் அழித்தார்.

"மத்த புள்ளைங்களோடது?"

"ஏம்மா, உன் வேலை முடிஞ்சுதில்ல? கெளம்பு" என்றார் எஸ்.ஐ. இந்த முறை குரல் கடுமையாக இருந்தது.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. உதயா வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "வேற போன்ல எங்கனா இருந்தா?" என்று கேட்டான்.

"இருந்தா அங்கயும் போய்க் கேப்போம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, அவன்தான் இரண்டு பன் வாங்கினான். தன்னுடையதை முழுக்கத் தின்றான்.

குப்பத்துக்குள் திரும்பியதும் கார்குழலி அவன் முதுகைத் தட்டினாள். "குப்பம்மாக்கா வூட்டாண்ட நிறுத்து."

"இப்பவேவா? டயர்டா கீது குழலி."

"அவங்க புள்ள மூஞ்சி அதுல கீது மாமா. அந்தக்காவுக்குத் தெரியுமோ தெரியாதோ. நாளைக்கு அவங்களையும் இட்டுகினு போணும்."

உதயா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். கதவை அவனே தட்டினான்.